"டப்-ஐ-டப்" என்று பாடிய அந்த இரண்டு பெண்கள் யார்?

பள்ளத்தூர் வள்ளி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பச்சி வீட்டு ஆச்சிக்கும் அய்த்தானுக்கும், அதாவது பெரியப்பா மகளான அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும், தை மாதம் அறுபதாம் கல்யாணம். அதற்காக ஊரில் வீட்டைத் திறந்து வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாங்கட்டு அறையில் இருந்த மர பீரோவில் ஒரு முறுக்கு டின் நிறையக் கேசட் கிடைத்தது. பெரும்பாலும் சீர்காழி, டி.எம்.எஸ்., கொஞ்சம் கந்த சஷ்டி கவசம். அடியில் ஒரு டிடிகே கேசட். அட்டையில் அம்மான் கையெழுத்தில் "இங்கிலீஷ் டான்ஸ், கே.எல்." என்று மட்டும் இருக்கிறது. அம்மான் கோலாலம்பூரில் கடை வைத்திருந்தவர். இப்போது இல்லை, கேட்கவும் வழியில்லை.

வெள்ளையடிக்க வந்த பையனிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. போட்டுப் பார்த்தோம். பி பக்கத்தில் ஒரு பாட்டு. இரண்டு பெண் குரல்கள், படு வேகம், "டப்-ஐ-டப்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. அடுப்படியில் இருந்த ஆச்சி கரண்டியோடு ஓடி வந்து, "ஏ, இது நம்ம டப்புடப்பு பாட்டுல்ல!" என்றார். பெரிய லீவில் பிள்ளைகள் எல்லோரும் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், சுற்றிச் சுற்றி ஆடிய பாட்டாம். எனக்கும் மெட்டு ஞாபகம் இருக்கிறது, பெயர்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் போன் செயலியிடம் இரண்டு மூன்று தடவை காட்டினேன். கிடைக்கவில்லை என்றே சொல்கிறது.

யார் பாடியது, எந்த வருஷம்? கல்யாணத்தன்று சாயங்காலம் மைக் செட்டில் போட ஆசை. கேசட்டையே கொடுத்தால் சரிப்படுமா?

கோட்டையூர் சிவா:

வெங்காபாய்ஸ். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் காலத்தில் இந்த மாதிரி எல்லாமே வெங்காபாய்ஸ்தான்.

புதுவயல் ரைஸ்மில்:

சிவா, கண்ணைத் திறந்து சொல்லுங்க. இது அக்வா. பார்பி பாட்டு பாடினவங்க. டென்மார்க்.

கல்லுக்கட்டி கேசட்காரர்:

நாடு சரி, ஆள் தப்பு.

ஆச்சி, நீங்கள் கேட்பது மீ அண்ட் மை. டென்மார்க்கைச் சேர்ந்த உடன்பிறந்த சகோதரிகள், சுசான் ஜார்ஜி, பெர்னில்லே ஜார்ஜி. பாட்டின் பெயரே டப்-ஐ-டப்தான். 1995இல் வந்தது. மீ அண்ட் மை என்ற பெயரில் அவர்கள் விட்ட முதல் சிங்கிள் (தனியாக விடும் பாட்டு), முதல் அடியிலேயே ஓடிவிட்டது. அதே வருஷம் தங்கள் பெயரையே வைத்து ஆல்பமும் போட்டார்கள். அதிலிருந்து பேபி பாய், லயன் எடி என்று அடுத்தடுத்துப் பாட்டுகள் வந்தன. நம் பக்கத்தில் அவற்றை யாரும் சீந்தவில்லை. டப்-ஐ-டப் மட்டும் நின்றது.

வெங்காபாய்ஸ் நெதர்லாந்துக்காரர்கள், அவர்கள் பெயர் வெளியே தெரிந்ததே 1998 வாக்கில்தான். அக்வாவின் பார்பி 1997. அதில் கட்டைக் குரலில் ஒரு ஆள் நடுநடுவே பேசுவார், கேட்ட மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும். இன்னும் யாராவது வந்து விக்ஃபீல்ட் என்று சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். அவரும் டென்மார்க்குப் பெண்தான், ஆனால் ஒற்றை ஆள், பாட்டுகள் தயாரானது இத்தாலியில். 1994இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தார். அக்வா உலகம் முழுக்கப் போவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இந்தச் சகோதரிகள் அதே வழியில் நடந்திருக்கிறார்கள். மிட்டாய் மாதிரி மெட்டு, வேக தாளம், சின்னப்பிள்ளைக் குரல் என்று வரும் இந்த வகைக்கு பபுள்கம் டான்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அதில் டென்மார்க்கின் கை ஓங்கியிருந்தது. பேரைச் சொல்லித் தாழ்த்துகிற மாதிரி இருந்தாலும், அந்த மெட்டைக் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

இனி என் கதை கொஞ்சம். நான் காரைக்குடியில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன். சட்டம் கேட்டால் வாயைத் திறக்க முடியாத தொழில். ஒரு டபுள் டெக், ஒரு ஈக்வலைசர், சுவர் முழுக்க கேசட். ஆட்கள் நோட்டுப் பேப்பரில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபது நிமிஷ கேசட்டா தொண்ணூறா என்று கேட்டு வாங்கி வைப்பேன், மறுநாள் சாயங்காலம் கொடுப்பேன். தொண்ணூறு வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். டேப் மெல்லிசு, சீக்கிரம் சிக்கும். கேட்டவர் ஒருவரும் இல்லை.

இங்கிலீஷ் பாட்டு என்றால் சென்னையிலிருந்து வருவது கொஞ்சம்தான். நம் பக்கம் வந்தது பெரும்பாலும் மலேசியா, சிங்கப்பூர் பெட்டியில். செட்டிநாட்டில் எந்த வீட்டில் பார்த்தாலும் ஒருவர் அந்தப் பக்கம் இருப்பார், ஊருக்கு வரும்போது கோடாலித் தைலம், மைலோ டின், துண்டுத்துணி, கூடவே இரண்டு டான்ஸ் கேசட். அவை பல பாடகர்கள் கலந்த தொகுப்புகள். உள்ளே மடித்து வைத்த அட்டையில் பெயர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்கும். கடைக்கு வரும் முன்பே அந்த அட்டை தொலைந்திருக்கும். நான் அதிலிருந்து எடுத்தேன், என்னிடமிருந்து தேவகோட்டைக் கடைக்காரர் எடுத்தார், அவரிடமிருந்து கல்லூரிப் பையன்கள் எடுத்தார்கள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது, பெயர் முதல் கையிலேயே உதிர்ந்துவிட்டது. என் கடை நோட்டில் அது "டப்பு டப்பு, ரெண்டு பொண்ணு". அதைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

மைக் செட் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். அப்போது விசேஷ வீடுகளில் குழாய் ஸ்பீக்கர்தான். குழாயில் பேஸ், அதாவது அடி ஒலி, வராது, அதன் கட்டமைப்பே அப்படி. நடுத்தரமான ஒலியும் கொஞ்சம் மேல் ஒலியும்தான் தெருக்கோடி வரை போகும். நாதஸ்வரத்துக்கும் சீர்காழிக்கும் அது போதும், சொல்லப்போனால் அதுதான் அழகு. டிஸ்கோ பாட்டுக்கு அடிமடியிலேயே கை வைத்துவிடும். அந்தப் பாட்டுகள் நிற்பதே கீழே விழும் "தம் தம்" மேல்தானே? அது போனால் சர்க்கரை போடாத கவுனி அரிசிதான். நான் எத்தனையோ வெளிநாட்டு டான்ஸ் பாட்டைக் கொடுத்து, மைக் செட்காரர் "அண்ணே, சிச்சிச்சினு சத்தம் மட்டும் வருது"ன்னு திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

டப்-ஐ-டப் திரும்பி வரவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டில் சரக்கு முழுக்க குரலில் இருக்கிறது. சட்டென்று மனசில் ஒட்டும் இடம் டிரம்மிலும் இல்லை, பேஸிலும் இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து பாடும் அந்த "டப்" வரிசையில் இருக்கிறது. குழாய்க்கென்றே அளவெடுத்து வைத்த உயரத்தில் குரல். கொப்புடையம்மன் திருவிழா நேரத்தில் ஒரு பந்தலில் போட்டது எங்கள் தெரு வரை வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. டென்மார்க் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தவர்கள் காரைக்குடி குழாயை நினைத்தா செய்திருப்பார்கள்? இல்லை. ஆனால் ஓட்டை ரேடியோவில் கேட்டாலும் பிடிக்கிற மாதிரிச் செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு இங்கேயும் செல்லுபடியானது.

கேசட்டை அப்படியே மைக் செட்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரிஜினலைப் போனில் கேட்டுப் பாருங்கள், பெயரைப் போட்டால் வந்துவிடும்.

பள்ளத்தூர் வள்ளி:

அண்ணே, அதேதான்! கோடி நன்றி. ஆச்சி போனைக் கையிலேயே வாங்கிக்கொண்டார், திரும்பத் தரவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். போனில் வருகிற பாட்டு கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, குரலும் தாழ்ந்து கேட்கிறது. எங்கள் கேசட்டில் இன்னும் துள்ளலாக இருக்கிறது. இரண்டு வேறு பதிவா? ஆச்சிக்குக் கேசட்டில் உள்ளதுதான் "நிஜப் பாட்டு" என்று சண்டை.

கல்லுக்கட்டி கேசட்காரர்:

ஒரே பதிவுதான். இதைத்தான் கேசட்டைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன்.

கேசட் டேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் அதுதான் அளவு. ஆனால் வீட்டு டேப் ரெக்கார்டர்களில் மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே ஒரு திருகு. அதைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். ரிப்பேருக்குப் போய் வந்த செட் ஒன்றும் சரியான அளவில் இருக்காது. பதிவு செய்த டெக் மெதுவாக ஓடியிருந்தால், சரியான டெக்கில் போடும்போது பாட்டு விரட்டும். கேட்கும் டெக் வேகமாக ஓடினாலும் அதே கதை. வேகம் ஏறினால் சுருதியும் சேர்ந்து ஏறும், குரல் இன்னும் பிஞ்சாகும். கை மாறிக் கை மாறி வந்த கேசட்டில் ஒவ்வொரு டெக்கின் கோளாறும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். உங்கள் போன் செயலிக்கும் இதனால்தான் பிடிபட்டிருக்காது, அது ஒரிஜினலின் சுருதியையும் வேகத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது.

சொன்னால் நம்புவீர்களோ என்னமோ, கடைக்கு வரும் பையன்களில் சிலர் வேண்டுமென்றே "கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் குடுங்க"ன்னு கேட்பார்கள். ஆடுவதற்கு. செய்து கொடுத்திருக்கிறேன்.

கேசட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால், போடுவதற்கு முன் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் எந்த டெக்கிலும் போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். கேசட்டின் முன்வாயில், டேப்புக்குப் பின்னால், ஒரு குட்டி ஃபெல்ட் துண்டு ஒரு தாமிரத் தகட்டில் ஒட்டியிருக்கும். பழைய கேசட்டில் முதலில் போவது அந்தப் பசைதான். அது விழுந்துவிட்டால் ஒலி மங்கி மங்கி வரும், டேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். டேப் கெட்டிருக்காது. நாலு மூலையிலும் நடுவிலும் திருகு வைத்த கேசட்டாக இருந்தால் கழற்றி, இரண்டு சக்கரத்தையும் டேப்போடு எடுத்து வேறு ஒரு நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கேசட் என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பொறுமையும் நல்ல பிளேடும் வேண்டும். அந்தப் பையனின் டேப் ரெக்கார்டரில் இனி போடாதீர்கள். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட்டில் துடைத்த செட் ஒன்று பார்த்துப் போடுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கிராமபோனும் வால்வு ரேடியோவும் கண்ணில் படும். நல்ல கேசட் டெக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம், கிடைத்ததும் எனக்குச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா, இப்போது சிங்கப்பூர்:

கேசட் அண்ணனுக்கு வணக்கம். நான் இந்தப் பாட்டைக் காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டதுதான் அதிகம். இங்கே ஆர்கேடில், அதாவது காசு போட்டு விளையாடும் மெஷின் கூடத்தில், டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் மெஷின் வைத்திருந்தார்கள். கொனாமி என்ற ஜப்பான் கம்பெனி செய்தது. தரையில் நாலு அம்புக்குறி, திரையில் அம்பு மேலே ஏறி வரும், சரியான நேரத்தில் மிதிக்க வேண்டும். 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் டப்-ஐ-டப் உண்டு. ஜப்பானில் தோஷிபா ஈஎம்ஐ என்ற பாட்டுக் கம்பெனி டான்ஸ்மேனியா என்று டான்ஸ் தொகுப்புகளாக விட்டுக்கொண்டிருந்தது. கொனாமி அதிலிருந்து பாட்டுகளை எடுத்தது. அப்படித்தான் டென்மார்க்கில் நாலு வருஷம் முன்னால் வந்த பாட்டு ஆர்கேடுப் பிள்ளைகளின் காலுக்கு வந்து சேர்ந்தது. டென்மார்க்கில் மறந்துபோன பாடகர்களைக்கூட ஜப்பானில் விசாரிப்பார்கள், அந்த அளவுக்கு இந்த வகைப் பாட்டு அங்கே வேரோடியிருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் அண்ணனோடு ஒத்துப்போக மாட்டேன். சரக்கு குரலில் இருக்கிறது என்கிறீர்கள். சும்மா உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், இரண்டாவது நிமிஷமே அலுக்கும். மிதிக்கும்போதுதான் அதன் ருசி. தாளம் ஒரு இடத்திலும் ஏமாற்றாது, அடுத்த அடி எங்கே விழும் என்று காலுக்கு முன்கூட்டியே தெரியும். புதிதாக மெஷினில் ஏறுகிறவர்களுக்கு அதனால்தான் அந்தப் பாட்டு பிடித்தது.

கல்லுக்கட்டி கேசட்காரர்:

தம்பி, நீங்கள் சொல்வது ஆர்கேடு. பெரிய பெரிய பாக்ஸ் வைத்திருப்பான், தம்மென்று நெஞ்சில் இடிக்கும். அங்கே தாளம்தான் ராஜா, ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய குழாயில் அந்தத் தாளமே இல்லையே! இருந்தும் பிள்ளைகள் ஆடினார்களே, எதற்கு ஆடினார்கள்? குரலுக்குத்தான்.

கண்டனூர் வாத்தியார்:

பொருள் இல்லாத சத்தத்துக்கு இவ்வளவு பெரிய விசாரணையா? நம் ஊரில் பாட்டுக்கா பஞ்சம்? அறுபதாம் கல்யாணத்தில் இதைப் போட்டால் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள்?

கல்லுக்கட்டி கேசட்காரர்:

ஐயா, "தன்னானே" என்று ஆரம்பிக்காத கும்மி ஒன்று சொல்லுங்கள், கடையை மூடிவிடுகிறேன். கடைதான் எப்போதோ மூடியாச்சு, அது வேறு.

கண்டனூர் வாத்தியார்:

தன்னானேவுக்குப் பின்னால் வார்த்தை வரும். முன்னால் பாடுகிறவள் மெட்டைக் காட்டுகிறாள், அப்புறம் அதில் நாற்று நடுகிற கதையோ நாத்தனார் கதையோ ஏறும். இதில் அந்த "டப்" தானே பல்லவி? அதற்குமேல் ஏறுவதற்கு ஒன்றுமில்லை.

கல்லுக்கட்டி கேசட்காரர்:

அது நியாயமான பேச்சு. ஆனால் அதனால்தான் ஐயா, டென்மார்க்குப் பிள்ளையும் ஜப்பான் பிள்ளையும் பள்ளத்தூர் ஆச்சியும் ஒரே இடத்தில் சேர்ந்து பாட முடிகிறது. இங்கிலீஷ் வரிகளை எங்கள் பக்கத்தில் யார் கேட்டார்கள்? அதெல்லாம் உதட்டை அசைத்து ஒப்பேற்றுவது. "டப்" வந்ததும் எல்லோருக்கும் வாய் திறக்கும்.

கோட்டையூர் சிவா:

சரி, வெங்காபாய்ஸ் இல்லை, விட்டுவிட்டேன். அந்த அக்கா தங்கை இப்போது என்ன செய்கிறார்கள்?

தேவகோட்டை ரஸ்தா, இப்போது சிங்கப்பூர்:

1999இல் லெட் தி லவ் கோ ஆன் என்று இரண்டாவது ஆல்பம் வந்தது. முதல் பாட்டின் உயரத்துக்கு அப்புறம் எதுவும் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். சுசான் பிறகு அண்டோராவில் குடியேறினார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைக்குள் இருக்கும் குட்டி நாடு அது, அங்கே பேசுவது கட்டலான் மொழி. 2009இல் மாஸ்கோவில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியில் அந்த நாட்டுக்காக அவர்தான் பாடினார், கட்டலானும் இங்கிலீஷும் கலந்த பாட்டு. அரையிறுதியைத் தாண்டவில்லை. அண்டோரா 2004 முதல் கலந்துகொண்டும் ஒரு தடவைகூட இறுதிக்குப் போனதில்லை, அந்த வருஷத்தோடு போட்டிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. டென்மார்க்கில் பிறந்து, ஜப்பானில் பெயர் வாங்கி, அண்டோராவுக்காகப் பாடியவர். நம் செட்டியார்கள் பர்மா, மலாயா என்று போனதுக்குக் கொஞ்சமும் குறைச்சலில்லை.

பள்ளத்தூர் வள்ளி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, பெரியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டீர்கள். கல்யாண மாப்பிள்ளையே, அதாவது எங்கள் அய்த்தானே, இந்தப் பாட்டைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறார். அவர் அந்தக் காலத்தில் ஆடியதை ஆச்சி எல்லோரிடமும் ஆடிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

கேசட்காரர் அண்ணனிடம் கடைசியாக ஒன்று. மைக் செட்காரர் இப்போது பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். முகப்பில் வைக்கட்டுமா, வளவில் வைக்கட்டுமா என்று கேட்கிறார்.

கல்லுக்கட்டி கேசட்காரர்:

வளவில் வேண்டாம் ஆச்சி. நாலு பக்கமும் கல்தூண், சுவரில் முட்டை வெள்ளை போட்ட சுண்ணாம்புப் பூச்சு, தரையில் ஆத்தங்குடி கல். எல்லாம் வழவழ, ஒலி உள்ளேயே முட்டி முட்டித் திரும்பும். சதுரத்தில் மேலே வானம் திறந்திருந்தாலும் போதாது. பேஸ் எல்லாம் குழம்பி, வேகப் பாட்டு ஒரு வார்த்தையும் புரியாது. பாக்ஸை முகப்புத் திண்ணையில் தெருவைப் பார்த்து வையுங்கள், ஆட்டமும் வாசலில் இருக்கட்டும். உள்ளேதான் ஆட வேண்டும் என்று அய்த்தான் அடம்பிடித்தால், பேஸைப் பாதிக்குக் குறைக்கச் சொல்லுங்கள், தூணுக்கு இடையில் நாலு பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள்.

ஒரிஜினல் வேகத்திலேயே போடச் சொல்லுங்கள். அய்த்தானுக்கு அறுபது ஆகிறது.

பள்ளத்தூர் வள்ளி:

சொன்னேன் அண்ணே. கேசட் வேகம்தான் வேண்டும் என்கிறார்.

கல்லுக்கட்டி கேசட்காரர்:

அப்படியென்றால் கேசட்டை எனக்கு அனுப்புங்கள். கூடு மாற்றி, எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். முறுக்கு டின்னில் வைத்து அனுப்பினால் நல்லது, காலி டின் வேண்டாம்.